தேம்ஸ் கரையில் ஒரு கும்பிடு

போன சனிக்கிழமை மகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு, ஹரோவில் ஒரு கடைக்குள் பால் வாங்கப் போனேன். பால் வாங்கப் போன நான் பாலோடு திரும்பி வந்ததாக எங்கள் வீட்டில் ஒரு பதிவும் கிடையாது. அன்றும் கால் உறைபெட்டிகளின் பக்கம் போயிற்று. அங்கே ஒரு பொதி. உள்ளே அரைநிலா வடிவத்தில் வெள்ளையும் பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்ன உருப்படிகள். எங்களுடைய கொழுக்கட்டை கொஞ்சம் மெலிந்து, முகம் கழுவிப் பவுடர் பூசி, விசா எடுத்து வெளிநாடு போனால் எப்படி இருக்குமோ அப்படி. சொங்பியோன் என்பது பெயர். கொரியர்கள் சுசோக் என்கிற தங்கள் அறுவடைத் திருநாளுக்கு அவிப்பது.

வீட்டுக்கு வந்து அவித்தேன். மூடியைத் தூக்கியதும் நல்லெண்ணெய் வாசம் வந்தது. பைன் இலை வாசம் வரவில்லை. பைன் இலையைப் பரப்பி அதன்மேல் வைத்து அவிக்காவிட்டால் அது வெறும் மாவு என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்காக நியூ மோல்டனில் ஒரு கோல்ஃப் மைதானத்து வேலியோரம் நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் கத்தரிக்கோலால் இலை நறுக்கியிருக்கிறார். யாராவது வந்தால் ஆங்கிலம் தெரியாத மாதிரி முழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் இருவருக்கும் அதற்குப் பெரிய நடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

மகள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "ஹவ் டு யூ ஈவன் நோ திஸ், அப்பா?" என்றாள். கொரியாவைத் தன் வகுப்புப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள் என்பது அவளுடைய எண்ணம். நீ பிறக்க முன்னமே உன் அப்பன் கொரியாவின் மூட்டைகளைத் தூக்கியவன் என்று சொன்னேன். நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

அப்போது அம்மாவும் நானும் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தோம். காலையில் 131 பஸ் பிடித்தால் நியூ மோல்டன். அங்கே கொரியச் சாப்பாட்டுச் சாமான் இறக்குமதி செய்கிற ஒரு பண்டகசாலையில் எனக்கு வேலை. அரிசி மூட்டை, கடற்பாசி, மிளகாய்த் தூள், நொதிக்க வைத்த கோவா, அதாவது முட்டைக்கோசுக் கிம்ச்சி. அந்தக் கோவாவின் மணத்தைப் பற்றி இப்போது எல்லோரும் உயர்வாகப் பேசுகிறார்கள். அன்று அதே மணத்தோடு நான் பின்னேரம் பஸ்ஸில் ஏறினால், எவ்வளவு நெரிசலிலும் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். லண்டனில் இரண்டு இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு பயணம் செய்த ஒரே அகதி நானாகத்தான் இருக்கும்.

அம்மா கதவடியில் மறிப்பார். "ஜக்கெற்றைக் கழட்டி வெளியில வைச்சிட்டு வா. ஆரோ செத்துப்போன மாதிரி நாறுது."

அப்படிச் சொல்லிவிட்டு உடனே வாயைப் பொத்துவார். செத்துப்போன என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கக்கூடாத சொல். வன்னியில் போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நாங்கள் வெளியே வந்தபோது, ஆமிக்காரர் அண்ணாவை மட்டும் வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அம்மா அழுதார். "விசாரிச்சுப்போட்டு விடுவம் அம்மா, நீங்கள் போங்கோ" என்று ஒருவன் நல்ல தமிழில் சொன்னான். அண்ணா பஸ்ஸில் ஏறியதை நான் பார்த்தேன். ஜன்னல் பக்கம் இருக்கை கிடைத்ததா என்று எட்டிப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. அந்த ஆளின் வசனத்தை அம்மா ஒரு வாக்குறுதி போலவே வைத்திருந்தார்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் ரூட்டிங் கடைத்தெருவில் அண்ணாவுக்கு உடுத்த ஒரு சேட்டு வாங்குவார். அளவுக்கு என்னைத்தான் நிறுத்துவார். "திரும்பு. உனக்கு வண்டி வைச்சிட்டுது. அவனுக்கும் வைச்சிருக்கும். ஒரு சைஸ் கூட்டி எடுப்பம்." எனக்குத் தொப்பை வைக்க வைக்க, எங்கேயோ இருக்கிற அண்ணாவும் பெருத்துக்கொண்டு போனான். ஒருமுறை உறவுக்காரர் ஒருவர், அண்ணாவின் படத்துக்கு ஒரு மாலை போட்டு வருடத்துக்கொருமுறை படைத்தால் நல்லது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவருக்குத் தேத்தண்ணி வந்துகொண்டிருந்தது. அம்மா அதைத் திருப்பிக் குசினிக்குள் கொண்டுபோய்ச் சிங்கில் ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உயிரோட இருக்கிறவனுக்குப் படைக்கிறவன் என்ர வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நீயெண்டாலும்தான்."

சரி, பண்டகசாலைக்கு வருகிறேன். அங்கே என்னோடு மூட்டை தூக்கியவர் ஹான் அண்ணை. வடகொரியாக்காரர். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, ஆனால் என்னைப்போல் இரண்டு பேரைத் தூக்குவார். என்னை ஒருமுறை பந்தயத்துக்குத் தூக்கியும் காட்டினார். அவரும் மனைவியும் ஓர் ஆற்றைக் கடந்து சீனாவுக்குள் வந்து, எங்கெங்கோ சுற்றி லண்டன் சேர்ந்தவர்கள். மகன் அடுத்த தடவை வருவதாக இருந்தது. அந்த அடுத்த தடவை வரவில்லை. அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். பைன் இலை நறுக்கியவர் அவர்தான். முதலாளியம்மா தென்கொரியாக்காரி. எங்கள் எல்லோருக்கும் பொது மொழி உடைந்த ஆங்கிலம். ஆனால் அவர்கள் பேசியது எல்லாம் என் தலைக்குள் இப்போது யாழ்ப்பாணத் தமிழாகவே ஓடுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்; அந்த ஆங்கிலத்தைக் கேட்டால் நீங்கள் அழுதுவிடுவீர்கள்.

சுசோக் அன்று இங்கிலாந்தில் லீவு இல்லை. அது நிலாவைப் பார்த்து வருகிற நாள். நிலாவுக்கு ஷிப்ட் தெரியாது. எனவே முதலாளியம்மா காலை வேலை முடிந்ததும் கதவைப் பூட்டுவார். சாப்பாட்டை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நால்வரும் கிங்ஸ்டன் பக்கம் ஆற்றங்கரைக்குப் போவோம். அவர்கள் ஊரில் அன்று கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டி, படைத்து, கும்பிட்டு, அங்கேயே இருந்து சாப்பிடுவார்களாம். அண்ணைக்குப் போகக் கல்லறை இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் எல்லாம் இருக்கிறது என்பார். எந்த ஆறு என்று நான் கேட்டதில்லை. அவருக்கு ஆறு என்றால் ஒன்றுதான். தேம்ஸ் அதற்குப் பதிலாள்.

பாய் விரிப்பார். வெள்ளைக் கடதாசியில் தன் தகப்பன் தாயின் பெயரை எழுதி ஒரு பெட்டியில் சாய்த்து வைப்பார். முன்னால் புது அரிசிச் சோறு இரண்டு கிண்ணம். சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்துவார். அது செத்தவர்களுக்கு மட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டில் அப்படிக் குத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போக, முதலாளியம்மா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

பிறகு கும்பிடுவது. முழங்கால் மடித்து, கை ஊன்றி, நெற்றி நிலத்தில் படுகிற மாதிரி. உயிரோடு இருக்கிற பெரியவர்களுக்கு ஒருமுறை. அதில் தகராறு இல்லை. புதுவருடத்துக்கு நானே முதலாளியம்மாவுக்கு ஒருமுறை விழுந்து எழும்பியிருக்கிறேன். செத்தவர்களுக்கு எத்தனை என்பதில்தான் வடக்கும் தெற்கும்.

"இரண்டு" என்பார் முதலாளியம்மா.

"எங்கட ஊரில மூண்டு" என்பார் அண்ணை.

"உங்கட ஊரில எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள்."

"நீங்கள்தான் ஒண்டைக் களவெடுத்திட்டியள்."

வருடாவருடம் இதே சண்டை. வாத்துக்கள் வந்து சுற்றி நின்று நியாயம் கேட்கும். எங்கள் ஆட்கள் காகம் கொத்தினால்தான் படையல் போய்ச் சேர்ந்தது என்பார்கள். தேம்ஸ் வாத்துக்கள் யாரைக் கேட்கின்றன, சீனி வைத்த சொங்பியோன் எது, பயறு வைத்தது எது என்று தெரிவு செய்து கொண்டுபோகும். அக்கா அவற்றைத் துரத்திக்கொண்டு ஓட, நான் வாத்துக்குப் பயந்து வானுக்குள் ஏறி இருப்பேன். நல்ல நாட்கள் அவை. இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

மூன்றாவது வருடம் சுசோக்குக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு தொலைபேசி வந்தது. எல்லைப்பக்கம் இருந்து ஆட்களைக் கடத்திவிடுகிற தரகன் ஒருவன். மகன் சிறையில் காய்ச்சலில் போய்விட்டான், போன குளிர்காலமே போய்விட்டான் என்றான். அண்ணை நம்பினார். அக்கா நம்பவில்லை.

"அவன் கண்டவனோ?" என்று அக்கா கேட்டார். "ஆரோ சொன்னதை ஆரோ சொல்ல அவன் சொல்லுறான்."

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அவர்கள் கொரிய மொழியில் சண்டை பிடிக்க, முதலாளியம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்து எனக்கு ஆங்கிலப்படுத்தினார். சண்டை ஒரு கிண்ணத்தைப் பற்றியது. இந்த முறை மூன்றாவது கிண்ணம் வைப்பதா, இல்லையா.

"உயிரோட இருந்தா, பசிச்சா அவனே தேடிச் சாப்பிடுவான்" என்றார் அண்ணை. "செத்திருந்தா நாங்கள் வைச்சாத்தான் சாப்பாடு. ஒரு வருசமாப் பட்டினி கிடக்கிறானோ தெரியாது."

"வைச்சா செத்திடுவான்" என்றார் அக்கா.



அடுத்த நாள் அண்ணை என்னைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டார். கோவாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, வாயிலிருந்து புகை போக விஷயத்தைச் சொன்னார். பெற்றவர்கள் பிள்ளைக்கு விழுந்து கும்பிட முடியாது. வயதில் இளையவன்தான் கும்பிட வேண்டும். மகனுக்குத் தம்பி இல்லை. தெரிந்த ஆட்களுக்குள் மகனைவிட இளையவன் நான் ஒருவன்தான். இரண்டு வயது குறைவு.

"நீ அவனுக்குத் தம்பியா நிண்டு கும்பிட வேணும்."

  என் அண்ணாவைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. ஊரில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தேன். வீட்டுச் சட்டப்படி அதுதான் சரியான பதில். இப்போது காணாமல் போன ஓர் அண்ணனுக்குத் தம்பியாக விழுந்து கும்பிட வேண்டும். ஆள்தான் வேறு, வேலை அதேதான். அந்த வேலைக்குத்தான் அம்மா எனக்கு வாசலைச் சாத்தியிருந்தார்.

பயம் வந்தால் நான் பகிடி விடுகிறவன். அன்றும் விட்டேன். "அண்ணை, முறை பிழைக்குது. உங்களை நான் அண்ணை எண்டு கூப்பிடுறன். அப்ப உங்கட மகனுக்கு நான் சித்தப்பா. சித்தப்பா எப்பிடி விழுந்து கும்பிடுறது?"

அண்ணை என்ற சொல்லின் பொருளை நான்தான் அவருக்கு முன்பு சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப இண்டையிலயிருந்து என்னை அண்ணை எண்டு கூப்பிடாதை" என்றார்.

அதற்குப் பிறகு அவரை எப்படிக் கூப்பிட்டேன் என்றால், கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் இருமுவேன்.

சுசோக் அன்று காலையில் நான் வெளிக்கிட, அம்மா கேட்டார்: "என்ன இண்டைக்கு வெளுத்த சேட்டு?"

"வேலையில பிக்னிக் அம்மா."

"வெள்ளைக்காரன்ர பிக்னிக்கோ?"

"கொரியன்காரரின்ர. பொங்கல் மாதிரி."

"நல்லாச் சாப்பிடு" என்றார் அம்மா. தீபாவளி கிட்ட வந்துகொண்டிருந்தது.

ஆற்றங்கரையில் வெயில் இருந்தது, சூடு இருக்கவில்லை. புல் ஈரம். அண்ணை பாயை விரித்து இரண்டு கிண்ணம் வைத்தார். தாய் தகப்பனுக்கு மூன்று முறை கும்பிட்டார். எண்ணிக்கையைப் பற்றி அன்று யாரும் சண்டை பிடிக்கவில்லை. பிறகு பைக்குள் இருந்து மூன்றாவது கிண்ணத்தை எடுத்தார். சோறு போட்டார். கரண்டியைக் குத்தி நிறுத்தினார். ஒரு பீங்கான் கிண்ணத்தை இவ்வளவு மெதுவாக ஒருவர் நிலத்தில் வைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அக்கா ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வானின் சில்லுப் பக்கம் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். ஒரு காலுறையில் ஓட்டை. அந்த நேரத்தில் அதுவும் ஒரு கவலையாக இருந்தது, பாருங்கள். பாயில் முழங்காலை வைத்து, கையை ஊன்றி, நெற்றியைப் பதித்தேன். பாயில் மிளகாய்த் தூள் மணந்தது. அவர்களுடைய மகனின் முகம் எனக்குத் தெரியாது. தெரியாத முகத்தை நினைக்க முடியாது. மனம் தெரிந்ததைத்தான் கொண்டுவந்து வைக்கும். பஸ் ஜன்னலில் அண்ணாவின் முகத்தை வைத்தது.

எழும்பி நின்றேன். ஒன்று.

இனி இரண்டாவது விழ வேண்டும். தெற்கின் கணக்கில் அதோடு முடிந்தது, வடக்கின் கணக்கில் இன்னும் ஒன்று. எது சரியோ, இரண்டாவது தடவை நெற்றி நிலத்தைத் தொட்டால் அவன் செத்தவன் என்பதில் இரண்டு கொரியாவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான் நின்றேன். வாத்து ஒன்று வந்து என் சப்பாத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தது. குனிந்து சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் இருக்கு" என்றார் அண்ணை.

 முதலாளியம்மாதான் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்: "இரண்டோ மூண்டோ எண்டு வருசக்கணக்கா அடிபட்டு அவனைக் குழப்பிப்போட்டம். அவனுக்கு என்ன தெரியும்."

அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்கிற பார்வை. அதற்குள் அக்கா எழும்பி வந்தார். நான் விழுந்ததை அவர் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் எத்தனை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குனிந்து மூன்றாவது கிண்ணத்தில் இருந்து கரண்டியைப் பிடுங்கினார். கிண்ணத்தைத் தூக்கி என் கையில் தந்தார்.

"சாப்பிடு" என்றார்.

நான் சாப்பிட்டேன். ஆறிய சோறு, கறி இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணை ஆற்றைப் பார்த்துத் திரும்பி இருந்துவிட்டார். நான் விழுங்குகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிடும் வரை அக்கா பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வழக்கம்போல் ஜக்கெற்றைக் கழற்றச் சொன்னார். என்ன சாப்பாடு என்று கேட்டார். சோறு என்றேன். "சோறு தின்னவோ அவ்வளவு தூரம் போனனி" என்று சிரித்தார். அந்த வருடம் சேட்டு ஒரு சைஸ் கூடியது.

அடுத்த சுசோக்குக்கு அண்ணை என்னைக் கேட்கவில்லை. பாயில் இரண்டு கிண்ணம்தான் வைத்தார். அவர் மனம் மாறினாரா, என்னில் வெறுத்துப்போனாரா, அக்கா சொல்லி விட்டாரா, எனக்குத் தெரியாது. வேலையில் முன்போலவே பழகினார். மதியத்தில் மட்டும் சில நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார். அப்போது அவர் யாருடைய பசியை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் எழும்பிப் போய் அரிசி மூட்டைகளை ஒழுங்குபடுத்துவேன். அவை ஒழுங்காகத்தான் இருக்கும். அக்கா சந்தோஷமாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. தொலைபேசி அடித்தால் இருவரும் ஒன்றாக எழும்புவார்கள். மகனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ வேறு ஒரு செய்தியும் கடைசி வரை வரவில்லை.

நாலைந்து வருடம் கழித்து அண்ணை நெஞ்சு வருத்தத்தில் போனார். அதற்குள் நான் வேலை மாறி, கல்யாணம் முடித்து, ஹரோவுக்கு வந்துவிட்டேன். செத்த வீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் அவருடைய ஊர்க் கணக்குப்படி மூன்று முறை விழுந்து கும்பிட்டேன். முழங்கால் உண்மையாகவே நொந்தது. அப்போது எனக்கு வண்டி நன்றாக வைத்துவிட்டது. பிறகு அக்காவின் பக்கம் திரும்பி ஒருமுறை.

வெளியே நிற்கும்போது அக்கா வந்தார். "உனக்கு எண்ணத் தெரியும்" என்றார்.

"ஓம் அக்கா."

"அப்பவும் தெரியும்."

உயர்தரத்தில் கணிதம் படித்தவனுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாதா என்று பகிடியாகச் சொல்லப் பார்த்தேன்.  அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மனுசன் கடைசியா மகனுக்குச் சோறு வைக்கச் சொல்லிக் கேட்டது" என்றார். "நான் வைக்கேல்லை." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வருடம் அக்கா, தன் தங்கை முறையான ஒருத்தியோடு இருக்கத் தென்கொரியாவின் சோல் நகரத்துக்குப் போய்விட்டதாக முதலாளியம்மா சொன்னார். பிறகு முதலாளியம்மாவும் வியாபாரத்தை விட்டார். பண்டகசாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த மாடிவீடுகள். 131 பஸ்ஸில் யாரும் நாறுவதில்லை.

அம்மா போனது போன வருடம் மாரியில். இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அலுமாரியைத் திறந்தால், விலைத்துண்டு கழற்றாத சேட்டுகள், கழுத்தளவு கூடிக் கூடி. கடைசிச் சேட்டு எனக்கே தொளதொளத்தது. அண்ணா அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறான்.

இப்போது அம்மாவின் ஒரு வருட நினைவு, ஆட்டைத் திவசம், வருகிறது. முந்தாநாள் ஐயர் தொலைபேசியில் எடுத்தார். அவருக்கு எங்கள் கதை தெரியும்; நல்ல மனிதர், இப்படிப்பட்ட வீடுகள் அவருக்குப் பழக்கம்.

"தம்பி, தமையனாருக்கும் சேர்த்து ஒரு பிண்டம் வைச்சிடுவமே? அம்மா இருக்கும் மட்டும் கேட்க ஏலாது. இனி ஆர் வேண்டாம் எண்டு சொல்லப் போகினம்?"

அதுதான் கேள்வி. நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன். அம்மா என்றால் அடுப்பில் இருக்கிற தேத்தண்ணியை எடுத்துச் சிங்கில் ஊற்றியிருப்பார். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்த வரைக்கும், நான் அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் பகிடி விட்டுக்கொண்டு திரியலாம். பட்டினி கிடக்கிறானோ என்று ஹான் அண்ணை கேட்டதை யோசிக்காமலும் இருக்கலாம். இப்போது வை என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வீட்டில் இருப்பது நான்.

"யோசிச்சுச் சொல்லுறன் ஐயா" என்றேன்.

"யோசியுங்கோ. செவ்வாய்க்கிழமை எடுக்கிறன். எத்தினை பேருக்கு எண்டு தெரிஞ்சாத்தானே அரிசி போடலாம்."

இன்றைக்குத் திங்கள்.